குரூப் சிக்னேச்சர்: திறக்கும் சாவி யார் கையில்?

ஒரு சேவைக்குள் வந்திருப்பவர் உறுப்பினரா என்று தெரிந்தால் போதும், எந்த உறுப்பினர் என்று சர்வருக்குத் தெரிய வேண்டாம். இதற்கான வழியாக 1991-இல் டேவிட் சாமும் யூஜீன் வான் ஹெய்ஸ்டும் முன்வைத்ததுதான் குழுக் கையொப்பம் (குரூப் சிக்னேச்சர்) என்ற டிஜிட்டல் கையொப்ப முறை. கையொப்பத்தைச் சரிபார்க்க, குழுவுக்கு ஒரே பொதுச் சாவி. கையொப்பம் போட, ஆளுக்கொரு ரகசியச் சாவி. தகராறு என்று வந்தால், திறக்கும் சாவி வைத்திருப்பவர் மட்டும் கையொப்பம் போட்டவரைக் கண்டுபிடிக்கலாம்.

நல்ல தொடக்கம், 2004-இல் போனே, போயன், ஷாசாம் மூவரும் தந்த பிபிஎஸ் முறை. கையொப்பத்தில் நீள்வட்ட வளைவு என்ற கணித வளைவின் புள்ளிகள் மூன்று, எண்கள் ஆறு. பிஎல்எஸ்12-381 என்ற வளைவில் புள்ளிக்கு 48 பைட், எண்ணுக்கு 32 பைட். ஆக 336 பைட். குழுவில் பத்துப் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் இதே அளவுதான். பிஎன்254 என்ற இன்னொரு வளைவை இனித் தொடாதீர்கள். 2016-இல் வந்த தாக்குதலுக்குப் பின் அதன் பலம் சுமார் 100 பிட்தான், அதாவது உடைக்க சுமார் 2^100 முயற்சிகள்.

அடிப்படை வடிவத்தில் எல்லாச் சாவிகளையும் குழு நிர்வாகியே உருவாக்குகிறார். அப்படியானால் உங்கள் பெயரில் அவரே கையொப்பம் போட்டுவிடலாம்! ஆகவே ரகசியத்தின் ஒரு பகுதி உறுப்பினரின் போனிலேயே பிறக்க வேண்டும். அதைப் பார்க்காமலே நிர்வாகி சான்றளிக்க வேண்டும். சேர்ப்பவரும் திறப்பவரும் வேறு வேறாக இருக்கட்டும். திறக்கும் சாவியை மூன்று பேருக்குப் பிரித்து, இருவர் சேர்ந்தால்தான் திறக்கும்படி வைப்பது நல்லது. திறந்தவர், சரியான ஆளைத்தான் காட்டினார் என்பதற்குச் சான்றும் தர வேண்டும். பல வடிவமைப்புகள் இதை விட்டுவிடுகின்றன. அங்கே 'இவர்தான் போட்டார்' என்பது வெறும் வாய்வார்த்தை.

ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ரேண்டம் எண்கள் புதிதாக வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்த நகல்) எழுந்த மெஷின் அதே எண்களோடு வேறொரு செய்தியில் கையொப்பமிட்டால், இரண்டு கழித்தல், ஒரு வகுத்தலில் ரகசியம் வெளியே வந்துவிடும்.

உறுப்பினரை நீக்குவதுதான் பெரிய தலைவலி. நீக்கப்பட்டோர் பட்டியலைச் சரிபார்ப்பவரிடம் கொடுக்கும் எளிய முறையில், 10,000 பேர் நீக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் 10,000 சோதனை. நீக்கப்பட்டவரின் பழைய கையொப்பங்களும் அன்றோடு அம்பலம். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை குழுச் சாவியை மாற்றி, இருப்பவர்களுக்கு மட்டும் புதுச் சான்று தரலாம். ஆனால் மாற்றிய உடனே முதலில் புதுப்பித்த நாலு பேருக்கு நாலு பேர் அளவு மறைவுதான். பழைய சாவிக்கு ஒருநாள் அவகாசம் விட்டு, போதுமான பேர் சேரும்வரை போன் பழையதையே பயன்படுத்தட்டும்.

சர்வர் லாகில் ஐபி முகவரி இருந்தால் இத்தனையும் வீண். கையொப்பத்தையும் தகராறுக் கெடு முடிந்ததும் அழித்துவிடுங்கள்: பெரிய குவாண்டம் கணினி வந்தால், இன்று சேமித்த பிபிஎஸ் கையொப்பங்களைத் திறக்க யார் சாவியும் தேவைப்படாது.