சோப்பு போட்டால் இன்னும் கறுக்கும் கறை

மார்ச் 4
பாப்பாவின் துணி மறுபடி கறுத்துவிட்டது. ஈரமாக இருக்கும்போது வெறும் மூத்திரம்தான், வாளியில் போட்டு மறந்தால் மத்தியானத்துக்குள் டிகாக்‌ஷன் கொட்டின மாதிரி ஆகிவிடுகிறது, சோப்பு போட்டால் இன்னும் கறுக்கிறது. "நம்ம வம்சத்துல இப்படி யாருக்கும் இல்லையே" என்று அத்தை இரண்டு தடவை சொல்லிவிட்டார். என் அம்மா வழியைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 19
டாக்டர் நோயின் பெயர் சொன்னார், அல்காப்டோனூரியா. பருப்பிலும் பாலிலும் இருக்கிற புரதத்தை உடம்பு படிப்படியாக உடைக்கும்போது நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் என்று ஒன்று வருமாம், அதை உடைக்கிற நொதி பாப்பாவுக்கு வேலை செய்யவில்லை. தேங்கியது மூத்திரத்தில் வெளியேறி, காற்றுப் பட்டதும் கறுக்கிறது. சோப்பின் காரம் அதை வேகப்படுத்துகிறது. இப்போதைக்கு ஆபத்தில்லை, முப்பது வயதுக்கு மேல்தான் குருத்தெலும்பில் கறுப்பு படிந்து முதுகும் மூட்டும் வலிக்குமாம். ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

ஏப்ரல் 11
ரிப்போர்ட் வந்தது. 3ஆம் குரோமோசோமில் எச்ஜிடி என்ற ஜீன், அந்த நொதிக்கான குறிப்பு அதில்தான் இருக்கிறதாம். எல்லாருக்கும் அதில் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பாப்பாவின் இரண்டு பிரதியிலும் ஒரே பிழை, என் கணவரிடமும் என்னிடமும் ஒவ்வொரு பிரதியில் அதே பிழை. மற்ற பிரதி நன்றாக இருப்பதால் எங்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த குழந்தைக்கும் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு தடவையும் அதே கணக்குதான்.

ஏப்ரல் 12
தூக்கம் வராமல் படித்தேன். லண்டனில் ஆர்ச்சிபால்ட் காரட் என்ற டாக்டர் 1902இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த நோய் இருந்த குழந்தைகளின் பெற்றோர் பலர் நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்கள் என்று கவனித்திருக்கிறார். அப்படியொரு வீட்டில் அடுத்த குழந்தை பிறந்ததும் நர்ஸிடம் துணிகளைப் பார்த்துவரச் சொன்னாராம், மூன்றாம் நாளே கறை. அந்தத் தாயும் என்னைப் போல வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

ஏப்ரல் 20
அத்தை கேட்டார், நான் சொன்னேன். நான் கட்டியது அத்தை மகனை, அப்பாவும் அத்தையும் கூடப்பிறந்தவர்கள். அப்படியென்றால் இந்தப் பிழை பெரும்பாலும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்திருக்கும், அங்கிருந்து அப்பா வழியாக எனக்கு, அத்தை வழியாக அவருக்கு. யார் செய்த தப்பும் இல்லை அத்தை என்றேன். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கொல்லைப்பக்கம் போய், ஊறிக்கிடந்த துணிகளைத் தானே எடுத்து அலச ஆரம்பித்தார்.