'நாங்கள்' என்று சொன்னது

அன்று முழுக்க நான் ஜெர்மனில் உருப்படியாகச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "எங்களுக்கு அது தெரியாது." அதில் இலக்கணப் பிழைகூட இல்லை. அதைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை, 2023 அக்டோபர் முதல் சனிக்கிழமை. அலுவலக நண்பனின் அப்பா தோட்டத்தில் திராட்சை வெட்ட ஒரு நாள் ஒத்தாசைக்குப் போயிருந்தேன். கூலி இல்லை, மத்தியானச் சாப்பாடு, கிளம்பும்போது ஆறு பாட்டில் ரீஸ்லிங் ஒயின். அந்தச் சரிவுகளில் வெட்டும் இயந்திரம் ஏறாது, கைதான். ப்ரெம் ஊருக்கு மேலே உள்ள கால்மோண்ட் மலையில் சரிவு சில இடங்களில் 60 பாகையைத் தாண்டும். நாங்கள் நின்ற இடம் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் ஸ்லேட்டுச் சில்லுகள் காலடியில் சரிந்துகொண்டே இருந்தன. குலையைப் பிடிப்பதா, கொடி கட்டிய குச்சியைப் பிடிப்பதா என்றே முதல் ஒரு மணி நேரம் போனது.

நண்பன் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன் ஊரில் வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கும்" என்றான். பொய் இல்லை. எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. பெரியப்பாவுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. அண்ணாந்து பார்த்துக் கைக்கு எட்டியதைப் பறித்துத் தின்றிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குத் திராட்சையைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் மறுத்தும் சொல்லவில்லை. நண்பனின் அப்பாவான பெரியவரும் பாடத்தைச் சுருக்கிக்கொண்டார்: நல்லது பச்சை வாளியில், உயர்ந்த அழுகல் சிவப்பு வாளியில், மற்றது தரையில்.

அழுகலில் என்ன உயர்ந்தது என்று கேட்கத் தோன்றும். போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை தோலைத் துளைக்க, பழத்தின் தண்ணீர் ஆவியாகி, சர்க்கரை திரண்டு, பழம் ஊதா கலந்த பழுப்பில் சுருங்கும். ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸே என்ற விலை கூடிய இனிப்பு ஒயினுக்கு இந்தப் பழம் வேண்டும். சாற்றின் சர்க்கரையை அளக்கும் எக்ஸ்லே அளவில் அது 150 காட்ட வேண்டும். ஆனால் புளிப்பு அழுகலும் பழுப்புத்தான். பழம் வெடித்து பாக்டீரியா புகுந்து வினிகராகிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மோந்து பார்த்தால்தான் பிடிபடும். பறிப்பதற்கும் படிப்பதற்கும் ஜெர்மனில் ஒரே வினைச்சொல். நான் அட்டையைப் பார்த்தே புத்தகத்தை எடைபோட்டவன்.

எதிர்ப்பக்கத்தில் ருமேனியாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது. பெயர் சொன்னார்கள், காதில் சரியாக விழவில்லை. மனதுக்குள் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். பத்து மணிவாக்கில் என் சிவப்பு வாளியிலிருந்து ஒரு குலையை எடுத்து மோந்தார், என் மூக்கருகிலும் நீட்டினார். "எஸிக்" என்று சொல்லித் தரையில் போட்டார். வினிகர். அந்தச் சொல் எனக்குத் தெரியும், சூப்பர் மார்க்கெட்டில் பாட்டில் மேல் பார்த்ததுதான். தலையாட்டிவிட்டு முன்போலவே வெட்டினேன். அந்த ஒரு குலைதான் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன் என்பேன். என் வாளிக்குள் இவர் ஏன் கை விடுகிறார் என்றும் நினைத்தேன். இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

சாப்பாட்டுக்கு முன் பெரியவர் வந்தார். அதற்குள் எங்கள் இருவர் சிவப்பு வாளியும் ஒரே பெட்டியில் கொட்டப்பட்டிருந்தது. குனிந்து மோந்தார். சத்தம் போடவில்லை. பெட்டியைத் தூக்கிச் சரிவில் கவிழ்த்தார், காலையில் பொறுக்கியது அத்தனையும். "இது எப்படி?" என்றார், இருவரையும் பார்த்து.

அப்போதுதான் சொன்னேன். "வீர்", அதாவது 'நாங்கள்', என்று தொடங்கி.

பெரியவர் அக்காவிடம் மட்டும், நிதானமாக, "ஏழு வருஷமாக வருகிறீர்கள்" என்றார். வேறு ஒன்றும் இல்லை. அவர் பதில் சொல்லாமல் கத்தரியைக் கால்சட்டையில் துடைத்தார்.

அலுவலகப் பழக்கம் என்று என் தரப்பு நியாயத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். மென்பொருள் வேலையில் ராத்திரி ஏதாவது முடங்கினால் மறுநாள் கூட்டத்தில் யார் பெயரும் வராது; "நாங்கள் கவனிக்கவில்லை" என்றுதான் பேச வேண்டும். அதை நல்ல பண்பு என்றே கற்றுக்கொண்டேன், புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். இங்கே ஒருத்தர், அந்த வருஷக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12 யூரோவை நம்பி, சில வாரங்களுக்கு வந்தவர். இன்னொருத்தன் படம் எடுத்துக்கொள்ள வந்தவன். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறதே என்று இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் அவர் உள்ளே வந்துவிடுகிறார். அவரை வெளியே விட 'நான்' ஒன்றுதான் இருந்தது.

சாப்பாட்டு வேளையில் சூப் கிண்ணத்தோடு அவர் பக்கம் போனேன். "நான்தான் செய்தேன்" என்பது ஜெர்மனில் மூன்றே சொல், ஒத்திகையும் பார்த்திருந்தேன். போய், ருமேனியாவில் எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். சரி என்று திரும்பி வந்தேன். அப்புறம் அவர் மேல் வரிசைகளுக்குப் போய்விட்டார். அனுப்பினார்களா, அவராகப் போனாரா என்று தெரியாது.

திரும்பும் வழியில் காரில் நண்பன் சொன்னான். "அப்பாவுக்குக் கோபம் உன் மேல்தான். விருந்தாளியிடம் எப்படிக் கடிந்துகொள்வது? அதனால்தான் அவரிடம் சொன்னார். அவருக்கும் அது புரியும்." அப்படியானால் என் வாக்கியத்தால் எதுவும் கெடவில்லை, வேறு எது சொல்லியிருந்தாலும் பேச்சு அவருக்குத்தான் விழுந்திருக்கும். இரண்டு நாள் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு இன்னொன்று உறைத்தது: இருவருக்குமே தெரியும் என்றால், நான் வாய் திறந்தபோது இருவரும் 'நான்' என்ற சொல்லைத்தான் எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள்.

இல்லை, இதுவும் மிகையாக இருக்கலாம். அவருக்கு அது ஒரு சனிக்கிழமை, ஒரு பெட்டி. என்னைவிட மோசமான உதவியாட்களை ஏழு வருஷத்தில் பார்த்திருப்பார்.

அடுத்த அக்டோபரிலும் நண்பன் கூப்பிட்டான். அந்த அம்மா வருகிறாரா என்று கேட்டேன். "வராமல்? அவர் இல்லாமல் அப்பா கத்தரியைத் தொடவே மாட்டார்" என்றான். அதைக் கேட்டதும் மனது லேசானது. அந்த வாரம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேலை எதுவும் இல்லை.