"எறியாதே" என்று சொல்வதை நிறுத்தினேன்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவிலிருந்து பொகவந்தலாவை செல்லும் பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டமொன்றில், சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் 11 வருடங்களாக வேலை செய்கிறேன். பெயர்ப்பலகையில்தான் அந்தப் பெயர். லயத்து மக்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு, அது இன்றும் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராதான். ஆரம்ப வருடங்களில் என் வாயில் அதிகம் வந்த சொல் "எறியாதே".

காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்து லயத்தின் தகரக் கூரையில் ஒரு கல் விழுந்தால் மலை முழுக்கக் கேட்கும். இரவுக் காவல் முடித்துப் படுத்தவர் எழுந்து வந்து சத்தம் போடுவார். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை எறிவதைக் குறும்பு என்று நான் எண்ணியதுதான் தவறு. விரல் எப்போது விடுகிறது, பொருள் எங்கே போய் விழுகிறது என்று கண்ணும் கையும் சேர்ந்து படிக்கிற பாடம் அது. அதைத் தடுத்துவிட்டு, ஐந்து வயதில் "பந்தைப் பிடிக்கத் தெரியவில்லையே" என்று அந்தப் பிள்ளையையே குறை சொல்வதில் என்ன நியாயம்?

எறிய விடலாம் என்று தீர்மானித்ததும் கடையில் ஒரு கெட்டியான ரப்பர் பந்தை வாங்கி வந்தேன். முதலில் தோற்கடித்தது எங்கள் நிலம். இங்கே சமதரை என்பது முற்றத்தின் அளவுதான். கை தவறினால் பந்து படிகளில் உருண்டு, கானில் (வடிகாலில்) விழுந்து, தேயிலைக்குள் போய் மறைந்துவிடும். ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு முறைதான் எறியக் கிடைத்தது. மீதி நேரமெல்லாம் தேடுவதிலேயே போயிற்று.

அதைவிட மோசமான ஒன்று அதே வாரத்தில் நடந்தது. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூக்கில் அந்தப் பந்து பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் அன்று முதல் எதை வீசினாலும் அவள் கண்ணை மூடி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கைகளை மட்டும் விறைப்பாக நீட்டுவாள். "வீட்டிலும் இப்படித்தான் டீச்சர்" என்றார் அவளுடைய அம்மா. பந்து வருவதைக் கண் பார்க்காவிட்டால் எங்கே, எப்போது மூடவேண்டும் என்று கைக்கு எப்படித் தெரியும்? பயம் போகாமல் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று புரிந்தது. என்னுடைய பழைய, மெல்லிய நைலெக்ஸ் சேலையிலிருந்து கைக்குட்டை அளவில் ஒரு துண்டு வெட்டினேன். மேலே வீசினால் அது அவசரப்படாமல், இடமும் வலமும் அசைந்துகொண்டு இறங்கும். முகத்தில் விழுந்தாலும் வலிக்காது. முதல் நாள் அவள் தொடவில்லை. மூன்றாம் நாள், துண்டு தலைக்கு மேல் இறங்கும்போது அவளுடைய கருவிழிகள் அதனோடு சேர்ந்து அசைவதைப் பார்த்தேன். கை பின்னால்தான் வந்தது. கண் முதலில் வந்துவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது. (பலூன் இன்னும் மெதுவாக வரும் என்பார்கள். உடைந்த துண்டைச் சிறியவர்கள் வாயில் போட்டு மூச்சடைத்துவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.)

சேலைத் துண்டுக்குப் பிறகு, பழைய கம்பளிக் காலுறையைச் சுருட்டித் தைத்த பந்து. அதற்குப் பிறகு துணிப்பை. பை விழுந்த இடத்திலேயே கிடக்கும், உருளாது. சரிவில் வாழ்கிற நமக்கென்றே செய்தது போன்ற பொருள். முதலில் பயறு போட்டுத் தைத்தேன். ஜூன் மாத மழையில் நனைந்து இரண்டு பைகளில் முளைவிட்டுவிட்டது. இப்போது உலர்ந்த புளியங்கொட்டை போட்டு இரட்டைத் தையல் போடுகிறேன்.

தூரத்திலும் அவசரம் கூடாது. மூன்று வயதில் பிள்ளைகள் கைகளை நீட்டி, வருவதை மார்போடு அணைத்துத்தான் பிடிப்பார்கள். அது அந்த வயதுக்குச் சரியான பிடி. உள்ளங்கையால் மட்டும் பிடிப்பது ஐந்து, ஆறு வயதில் மெல்ல வரும். வலது கையால் எறியும்போது இடது காலை முன்வைப்பதும் அப்படித்தான், பலருக்குப் பாடசாலைக்குப் போன பிறகே பழகும். அதனால் ஒரு மீற்றரில் தொடங்குகிறேன். பத்தில் ஏழெட்டுத் தடவை பிடித்தால் ஓர் அடி பின்னால் போவேன். இதனால் கையெழுத்து அழகாகும் என்றெல்லாம் பெற்றோருக்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. பிள்ளை தன் கையை நம்பத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன், அதை மட்டும் சொல்வேன்.

எறிவதற்கு இலக்காகப் பழைய மூங்கில் கொழுந்துக் கூடை ஒன்றைச் சுவரோரம் வைத்திருக்கிறோம். ஒரு நாள் பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டு அந்தச் சிறுமியின் அம்மா வந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பைகளை ஒவ்வொன்றாகத் தோளுக்கு மேலே பின்னால் வீசினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆறும் கூடைக்குள் விழுந்தன. நாளெல்லாம் இரு கையாலும் கிள்ளி, முதுகுக் கூடைக்குள் வீசி, 18 கிலோ சேர்க்கிற கை அது. பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். இத்தனை வருடங்களாகக் கண்ணும் கையும் என்று பேசிக்கொண்டிருந்த நான், மலையில் தினமும் நடக்கிற இந்த வித்தையை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

"எனக்கு வீசுங்கம்மா" என்று சொல்லி மகள் எதிரே போய் நின்றாள். ஆறு பைகளில் இரண்டைப் பிடித்தாள். நான்காவது அவளுடைய தாடையில் பட்டுக் கீழே விழுந்தது. நான் பதறி ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் குனிந்து பையை எடுத்து, தாடையைத் தடவிக்கொண்டே அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய்க் கைகளை விரித்தாள். கண்கள் இரண்டும் திறந்திருந்தன.