தைல மரம் வந்த தீவில் பிறந்த கட்சி

நீலகிரித் தைலம் காய்ச்சுகிறோமே, அந்தக் கற்பூர மரத்தின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பக்கம். உலகின் முதல் பசுமைக் கட்சி பிறந்ததும் அந்தத் தீவில்தான். 1972இல் பெடர் ஏரியை மின்திட்டத்துக்காக மூழ்கடிக்கப் போகிறார்கள் என்றதும் தொடங்கினார்கள். அந்தத் தேர்தலில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, ஏரியும் போய்விட்டது. ஆனாலும் ஆட்கள் ஓயவில்லை. அடுத்து பிராங்க்ளின் ஆற்றில் அணை என்றபோது படகில் போய் மறித்தார்கள், கூட்டம் கூட்டமாகக் கைதானார்கள், 1983இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அணை நின்றது, 1989இல் ஐந்து பேர் சட்டமன்றத்துக்குள் போய் ஆட்சி யாருக்கு என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

நம் நீலகிரியிலும் அப்படி ஒரு பசுமைக் கட்சி வேண்டும் என்றால் ஒரு சிக்கல். அங்கே விகிதாச்சார முறை, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம். இங்கே முதலில் வருபவருக்கே எல்லாம். போதாததற்கு நீலகிரி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் மலைக்குக் கீழே. மலையின் கவலை அங்கே எப்படி எடுபடும்?

அதனால் உள்ளாட்சியில் தொடங்குவோம் என்கிறேன். சில்லஹல்லா நீர்மின் திட்டத்தில் தேயிலையும் காய்கறி நிலமும் மூழ்கிவிடும் என்று குந்தா பக்கத்து ஊர்க்காரர்கள் கொடி பிடித்தார்கள், சரி, அந்தக் கோபம் ஓட்டுச்சீட்டிலும் இருக்க வேண்டாமா? சோலையையும் ஊற்றையும் பற்றிப் பேசும் ஒருவர் ஊராட்சி வார்டில் ஜெயிக்க சில நூறு ஓட்டு போதும். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், நேரில் வந்து பேசுகிறேன்.