க்ளோசிங் நம்பர்

"எண்ணினீர்களா?" என்றுதான் அந்த அம்மா கேட்டார். கேட்டது ஆங்கிலத்தில் என்பதால் அது நீயா, நீங்களா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "ஆமாம், எண்ணினேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எண்ணுவதுதானே வேலை" என்று ஒன்றைக் கூடுதலாகச் சொல்லிவைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "22 வருஷத்தில் இங்கே யாரும் எண்ணியதில்லை" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஸ்டேஷன் பெயர் வேண்டாம். நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொல்லி 1963-ல் பீச்சிங் அறிக்கை வந்தபின் இங்கிலாந்தில் மூடப்பட்ட கிளைப் பாதைகளில் ஒன்று, அவ்வளவுதான். 1951-ல் வேல்ஸில் டாலிலின் பாதையை ரயில் பித்தர்கள் சிலர் எடுத்து நடத்திக் காட்டிய பிறகு நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. மூடிய ஸ்டேஷனைச் சுரண்டி, பூசி, நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து, சம்பளமில்லாமல் ஓட்டுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் எஞ்சினில் கரி அள்ளிப் போடுவார். பேங்க் மேனேஜராக இருந்தவர் கக்கூஸ் கழுவுவார். பிழைப்புக்காக ரயில்வேயில் இருந்தவன் நான் ஒருவன்தான். 31 வருஷம் புக்கிங் ஆபீஸ், அதில் பாதிக்கு மேல் தென்மாவட்டத்து மீட்டர்கேஜ் ஸ்டேஷன்களில். மகளோடு வந்து குடியேறியபின் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் போய்ச் சேர்ந்தேன்.

முதல் குளிர்காலம் முழுக்க டிக்கெட் ஜன்னலின் பெயின்ட்டைச் சுரண்டினேன். அடுக்கடுக்காக வந்து, கடைசியில் ஒரு பச்சை தெரிந்தது. ஸ்டேஷனை எந்த வருஷத்துக்குத் திருப்புவது என்று பெரிய சண்டை நடந்து, 1950-கள் என்று முடிவாயிற்று. தீயணைப்பு வாளிக்கு எந்தச் சிவப்பு என்பதற்குத் தனிச் சண்டை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக வரும். நான் கடைசியாக மீட்டர்கேஜில் வேலை பார்த்த ஸ்டேஷனில், அகலப் பாதையாக்கும் கேஜ் மாற்றம் வந்தபோது புக்கிங் ஆபீஸை ஒரே நாளில் இடித்தார்கள். ஜன்னல் எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் இங்கே அட்டை டிக்கெட்டைக் கையில் எடுத்தபோது சிரிப்பு வரவில்லை. பிரிட்டிஷ் ரயில் 1990-ல் நிறுத்திய அதே அட்டை. ஏறத்தாழ 57 மில்லிமீட்டருக்கு 31 மில்லிமீட்டர். நாங்கள் கம்ப்யூட்டர் வரும்வரை விற்றதும் அதே அளவுதான். தேதி மெஷினில் ஒரு முனையைச் செருகி 'டக்'கென்று இழுத்தேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்ட என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

அந்த அட்டையைக் கொண்டுவந்தவர் தாமஸ் எட்மன்சன். மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், 1836-ல் நியூகாசில் – கார்லைல் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனுக்கு மாஸ்டராக வந்தவர். அதுவரை டிக்கெட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். யார் எவ்வளவு வாங்கி எவ்வளவைக் கட்டினார்கள் என்பதற்குச் சரியான கணக்கு கிடையாது. அவர் முன்கூட்டியே அச்சடித்த அட்டையில் வரிசை எண் போட்டார். டிக்கெட்டின் உயிர் அந்த நம்பரில்தான் இருக்கிறது. பயணிக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்காகப் போட்ட நம்பர் அது. சாயங்காலம் க்ளோசிங் நம்பரிலிருந்து, அதாவது விற்காமல் மிஞ்சிய முதல் அட்டையின் நம்பரிலிருந்து, காலை நம்பரைக் கழித்து, கட்டணத்தால் பெருக்கி, கல்லாவை எண்ண வேண்டும். குறைந்தால் கைக்காசு. இல்லாவிட்டால் பேரில் டெபிட், அதாவது பாக்கி என்று எழுதிவிடுவார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தவர் அந்த அம்மா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் முதல் நாள் டியூட்டிக்கு வந்ததும், பழக்கதோஷத்தில், என் சட்டைப்பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்தேன். எங்கள் ஊரில் அது பிரைவேட் கேஷ் டிக்ளரேஷன்; எழுதாமல் உட்கார்ந்தால் விஜிலன்ஸ் வந்து பிடித்துக்கொள்ளும். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டு, தலையாட்டி, தாளின்மேல் பேப்பர்வெயிட் எடுத்து வைத்தார்.

மேஜையில் ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. பழைய படிவத்தைப் பார்த்து அச்சடித்தது, அலங்காரத்துக்கு. யாரும் நிரப்புவதில்லை. என் முன்னால் ஒரு ரிஜிஸ்டரை வைத்தால் நான் நிரப்புவேன். நாலு ஞாயிறு நிரப்பினேன். குழந்தை டிக்கெட்டில் 3, 2, ஒன்றுமில்லை, 4. ஆக 9 அட்டைகளுக்குப் பணம் இல்லை. சிவப்பு மையில் '9 குறைவு' என்று எழுதி இனிஷியல் போட்டேன்.

கணக்குப் பார்க்கும் கமிட்டிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது ஒன்றுமே இல்லை. ஆன்லைனில் புக் செய்தவர்களுக்கும் அட்டைதான் கொடுக்கிறோம். நம்பரும் பணமும் என்றைக்கும் ஒத்துப்போகாது" என்றார். ஆன்லைன் எண்ணிக்கையைக் கழித்துவிட்டுத்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "நீங்கள் எழுதிவிட்டீர்கள். எழுதிவிட்டதால் நான் கேட்டாக வேண்டும்."

கேட்டார். அந்த அம்மா அவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அடுத்த ஞாயிறு சாவி ஒரு கவரில் வந்து சேர்ந்தது. முதுகுவலி என்று காரணம்.

குறைவு என்று எழுதுவது, திருட்டு என்று எழுதுவதல்ல. எந்த புக்கிங் கிளார்க்கைக் கேட்டாலும் சொல்வான். குறையாத கை கிடையாது. அது வெறும் கழித்தல் கணக்கு. இதை மகளிடம் சொன்னேன். "அப்பா, முதல்ல அவங்ககிட்ட வாயால சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொல்லியிருக்கலாம். ஆனால் வாயால் சொன்னால் அதுதான் குற்றச்சாட்டு, எழுதினால் நடைமுறை. அப்படித்தான் நான் பழகியவன். அல்லது, நேரில் சொல்லத் தைரியமில்லாமல் ரிஜிஸ்டரைச் சொல்ல வைத்தேனா?

இன்னொன்றும் அரிக்கிறது. சம்பளம் வாங்குகிறவனிடம் கணக்குக் கேட்டால் அது சம்பளத்தோடு சேர்ந்த சங்கடம். மாசம் பிறந்தால் ஆறிவிடும். இங்கே மழையில் வண்டி ஓட்டிவந்து, சொந்த பெட்ரோல் போட்டு, சொந்த டீத்தூள் கொண்டுவந்து உட்காருகிறவர்களுக்கு நாம் கொடுப்பது மரியாதை ஒன்றுதான். அதில் சிவப்பு மையால் கழித்தால் மிச்சம் என்ன?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எனக்கே நாற்பது ரூபாய் குறைந்தது. சீனியர் அண்ணாச்சி தன் பையிலிருந்து போட்டார். "எழுதினா டெபிட்டு, எழுதலேன்னா நாப்பது ரூவா. எது சௌகரியம் தம்பி?" என்றார். சம்பள நாளில் திருப்பிக் கொடுத்தேன். எழுதாமல் விட்டதால் தப்பித்தவன்தான் நான். ஆனால் அதே அண்ணாச்சி பின்னாளில் பெரிய கணக்கில் மாட்டியபோது யாரும் பை திறக்கவில்லை. முதல் நாற்பதை எவனாவது எழுதியிருந்தால் அவர் அவ்வளவு தூரம் போயிருப்பாரா? இப்படி யோசித்தால் மனசுக்குச் சமாதானமாக இருக்கிறது. ஒன்பது குழந்தை அட்டைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொண்டால் சமாதானம் போய்விடுகிறது.

கோடையில் ஒரு பையன் பிளாட்பாரத்தில் நின்று எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் பழைய அட்டை ஒன்று, ஓரம் நைந்து. கண்ணாடி போட்ட பாட்டி கொடுத்தார்கள், அன்றைக்கு நாங்கள் ரயிலில் ஏறவில்லை, சும்மா பார்க்கத்தான் வந்தோம் என்று அவன் அம்மா சொன்னார். தேதி தெரிந்தது. நம்பர் பக்கம் அவன் கட்டைவிரல் இருந்தது. காட்டு என்று கேட்கவில்லை. ஒரு டிக்கெட்டில் நம்பரைப் பார்க்காமல் விட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அது ஒன்பதில் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒன்றாகவே இருந்தாலும், கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டா என்றால், கிடையாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் என்னுடையது. அந்த அம்மாவுக்கு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன். பதில் வந்தது, அதில் டிக்கெட்டைப் பற்றி எதுவுமில்லை, தோட்டத்தைப் பற்றி இருந்தது.

போன மாதம் ஒரு குழந்தை டிக்கெட் குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன். பிறகு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டேன். ரிஜிஸ்டர் சரியாகிவிட்டது. காலையில் எழுதிவைத்த பிரைவேட் கேஷ் தாளில்தான் கணக்கு உதைத்தது. தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினேன்.