ஏழு பெயர்கள்

கணக்குச் சேர் காலமான செய்தி போன மார்கழியில் எங்கள் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் கனடாவில், ஸ்காபரோவில் வீட்டு வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலத்துக்குள் எண்பது கைகூப்பல் வந்து விழுந்தது. அவரிடம் அடி வாங்காதவர்கள்கூட வாங்கியதாக எழுதினார்கள். நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். மணி, மாமரம், கன்ரீன் பணிஸ் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதட்டும். நான் 1992இல் ஒரு திங்கட்கிழமையை எழுதுகிறேன்.

ஆண்டு பத்தில் நான் மொனிற்றர். பள்ளிக்கூடம் அறவிடும் வசதிக் கட்டணத்தைக் கட்டாதவர்களின் பட்டியலைப் பிரார்த்தனை முடிந்ததும் என்னை வாசிக்கச் சொன்னார்கள். இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது, 1980இலிருந்து பாடப்புத்தகமும் சும்மாதான். சரி, ஆனால் கொப்பி, சப்பாத்து, வசதிக் கட்டணம் எல்லாம் வீட்டுக் காசு. கரண்ட் இல்லாத காலம். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தல் விளக்குக்கும் அதுதான் வேண்டும். பட்டியலில் ஏழு பேர். நாலு பேர் முந்தின வருடம் தீவுப்பகுதியிலிருந்து உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து வந்தவர்கள்.

நிறுத்தி நிறுத்தி, நல்ல குரலில் வாசித்தேன். தமிழ்த்தினப் பேச்சுப் போட்டியில் பரிசு எடுத்தவன் அல்லவா! பெயர் விழ விழ ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஐந்தாவதாக எழும்பியவன் வகுப்பில் என் பக்கத்து வாங்கு. அவனுடைய காற்சட்டையின் பின்பக்கத்தில் வேறொரு நீலத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் அதை மறைத்தபடியே நின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்ராப் ரூமிலிருந்து சேரின் கொப்பிக் கட்டைத் தூக்கி வந்தவனும் நான்தான். ஒரு கொப்பி நழுவி விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு ரசீது எட்டிப் பார்த்தது. கட்டணம் கட்டியாயிற்று. பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு பிழைகளைத் திருத்தியிருந்தார். காசைப் பற்றி ஒரு சொல் இல்லை. மற்றக் கொப்பிகளையும் திறந்து பார்த்தேன். ஆறு ரசீது. ஏழாமவனின் கொப்பி அந்தக் கட்டுக்குள் இல்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் பள்ளிக்கூடம் வரவேயில்லை. சேர் அவன் இருந்த முகாமுக்கு இரண்டு தரம் சைக்கிளில் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அம்மாவின் தாலிக்கொடி ஏஜென்சிக்காரனுக்குப் போக, நான் 1994இல் கிளாலிக் கடல்நீரேரியால் குடாநாட்டை விட்டு வெளிக்கிட்டேன். என்னில் காசு போட ஆள் இருந்தது. அடுத்த வருட ஐப்பசியில், யாழ் நகரும் அதைச் சுற்றிய ஊர்களுமான வலிகாமமே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தது. அந்த ஏழு பேரில் ஒருவரைக்கூட நான் தேடவில்லை.

2022 நெருக்கடிக்குப் பிறகு ஊரில் கொப்பி விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நாங்கள் இங்கிருந்து நுழைவாயில் வளைவு கட்டிக் கொடுத்திருக்கிறோம், நல்ல வடிவான வளைவு. அப்புறம் சைக்கிளும் கொடுத்தோம், பதாகைக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து. கட்டணம், கொப்பி, பஸ் காசு என்று பிள்ளை இடைவிலக முன்னமே மாதாமாதம் போனால் என்ன என்று கூட்டத்தில் கேட்டேன். நல்ல யோசனை என்று என்னையே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

இந்த முறைப் பட்டியல் 14 பெயர். அதிபர் அனுப்பியது. எங்கள் படிவத்தின் கடைசி நிரலில் ‘படம்’ என்று இருக்கிறது. அதை வெறுமையாக விட்டுத்தான் காசு அனுப்பினேன். படம் இல்லாமல் மலரில் எதைப் போடுவது என்று செயலாளர் நேற்று இரவும் கேட்டிருந்தார்.