ஜோக்கருக்கு என்ன நோய்?

பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கரைப் பற்றிய ஹாலிவுட் படம் 2019இல் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், சைக்கோ, பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா (தமிழில் மனச்சிதைவு) என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில். என் அண்ணன் 17 வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் ஒரு வில்லனுக்கு யாராவது போகிற போக்கில் நோய்ப்பெயர் சூட்டினால் அது எங்கள் வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவதாகவே எனக்குக் கேட்கிறது. அதனாலேயே உட்கார்ந்து நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

பேருந்துக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். பின்னால் ஜோக்கராக மாறும் ஆர்தர், தன் முன் இருக்கையில் இருக்கும் குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறான், குழந்தை சிரிக்கிறது, அம்மா திரும்பி அவனை அதட்டுகிறாள். அவ்வளவுதான், அவனுக்குச் சிரிப்பு பீறிட்டு வருகிறது. முகத்தைப் பார்த்தால் அழுகிறவன் மாதிரி இருக்கிறான், மூச்சு முட்டுகிறது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு அட்டையை எடுத்து நீட்டுகிறான், எனக்கு ஒரு நோய் இருக்கிறது, சிரிப்பதற்கு மன்னியுங்கள் என்று. இதற்கு மருத்துவத்தில் சூடோபல்பார் அஃபெக்ட் என்று பெயர். பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய், தலையில் பலத்த அடி போன்றவற்றால் மூளையில் சிரிப்பையும் அழுகையையும் கட்டுக்குள் வைக்கிற பாதை பழுதானால் மனசில் ஒன்றும் முகத்தில் இன்னொன்றுமாக வரும். ஆர்தருடைய அம்மாவின் பழைய மருத்துவமனைக் கோப்பில் அவனுக்குச் சின்ன வயதில் தலையில் அடிபட்டது பதிவாகியிருப்பதையும் படம் காட்டுகிறது. இதுவரை எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இது நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறு, இதனால் யாரும் யாரையும் சுடுவதில்லை.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். அவளோடு பழகியதெல்லாம் அவன் மனசுக்குள் மட்டும் நடந்தது என்று பிறகு தெரிகிறது. இதை வைத்துத்தான் பலர் ஸ்கிசோஃப்ரினியா என்று முடிவு கட்டுகிறார்கள். மனநோய்களை வரையறுக்க மருத்துவர்கள் கையாளும் டிஎஸ்எம்-5 என்ற கையேடு அவ்வளவு சுலபமாக விடாது. மருட்சி (உண்மையில்லாததை உறுதியாக நம்புவது), இல்லாத குரல் கேட்பது, பேச்சு குழம்புவது மாதிரியான 5 அறிகுறிகளில் 2 ஆவது ஒரு மாதம் இருக்க வேண்டும், மொத்தத் தொந்தரவு 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அண்ணனை முதலில் அழைத்துப் போனபோது மருத்துவர் அவரிடம் கேட்டதைவிட எங்களிடம்தான் அதிகம் கேட்டார். எப்போது தூக்கம் போச்சு, எப்போது குளிப்பதை நிறுத்தினார், ஜன்னலில் காகிதம் ஒட்ட ஆரம்பித்தது எந்த மாதம். ஆர்தரைப் பற்றி அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அம்மாவே நம்பத்தகுந்த சாட்சி இல்லை. மனச்சோர்வு இருப்பதாகச் சொல்லலாம், சிறுவயதுக் கொடுமையின் வடு இருக்கிறது, அதற்கு மேல் நான் கேள்விக்குறிதான் போடுவேன்.

கொலைக்கு வருவோம். மாத்திரை நின்றது, அதனால் கொலைகாரன் ஆனான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படத்தின் வரிசையைக் கவனியுங்கள். ரயிலில் அந்த மூன்று பேரைச் சுட்ட பிறகுதான், நிதி நின்றுவிட்டது, இனி ஆலோசனையும் இல்லை மருந்தும் இல்லை என்று அவன் ஆலோசனைக்குப் போய்வந்த சமூகநல அலுவலகத்துப் பெண் சொல்கிறாள். அடி வாங்கிக்கொண்டே இருவரைச் சுட்டதைத் தற்காப்பு என்று வாதாடலாம். மூன்றாவது ஆள் காயத்தோடு தப்பி ஓடும்போது பின்னாலேயே போய்ச் சுடுகிறானே, அது எந்த நோயின் அறிகுறி? எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அவன் எடுத்த முடிவு அது.

2008இல் 'தி டார்க் நைட்' படத்தில் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கர் வேறு மாதிரி. வாயோரத்து வடு எப்படி வந்தது என்று இரண்டு தடவை சொல்கிறான், ஒரு தடவை அப்பா கிழித்தது, இன்னொரு தடவை மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டது. நோயறிதலுக்கு அடிப்படையே ஒருவரின் பூர்வக் கதைதான், இவனோ கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி கதை கட்டுகிறான். சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று எழுதலாமே என்றால், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இவனுக்கு 15 வயதே இருந்ததாகப் படம் காட்டவில்லை. சைக்கோபதியை அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 20 அம்சப் பட்டியல் இருக்கிறது, மொத்தம் 40க்கு 30 வந்தால் பொதுவாக அந்தப் பெயர் வைப்பார்கள். ஆனால் அதற்கும் நேர்காணலோடு பழைய பதிவேடுகளும் வேண்டும். பெல்ஜிய மனநல மருத்துவர்கள் இருவர் 400 படங்களை அலசி 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், அதில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக் கொலைகாரன் நார்மன் பேட்ஸையே சைக்கோபாத் கணக்கில் சேர்க்கவில்லை, அவனுக்கு இருப்பது சைக்கோசிஸ் என்றார்கள். பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சைக்கோபதி என்பது இரக்கமும் குற்ற உணர்வும் இல்லாத ஆளுமை, சைக்கோசிஸ் என்பது எது நிஜம் என்ற பிடி நழுவிப்போவது. அண்ணனுக்கு அந்தப் பிடி நழுவியபோது அவர் யாரையும் மிரட்டவில்லை. மூன்று வாரம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். தண்ணீரை நான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் வாங்கிக் குடிப்பார்.

சரி, அந்த 2019 படத்தை அண்ணனும் எங்களோடுதான் பார்த்தார். வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் மற்றவர்கள் எல்லாரும் நடனத்தையும் கடைசிக் கலவரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "அந்த ஆபீஸை மூடிட்டாங்கல்ல, அங்க வந்துட்டிருந்த மத்தவங்க மாத்திரைக்கு எங்க போவாங்க?" என்று கேட்டார்.